பிரையோசோவா: புதைந்தவையும் வாழ்பவையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாறையில் வலைபோல ஓர் அச்சு, சிப்பி ஓட்டின்மேல் படர்ந்த வெள்ளைத் தகடு, குளத்துக் குச்சியில் தொங்கும் வழவழப்பான உருண்டை. இந்த மூன்றும் ஒரே விலங்குத் தொகுதியைச் சேர்ந்தவை என்றால் பலரும் நம்புவதில்லை. பிறகு கேள்விகள் தொடங்கும். பல ஆண்டுகளாக அதே கேள்விகளைக் கேட்டுவிட்டதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றைத் தொகுத்து விடை எழுதியிருக்கிறேன்.

பிரையோசோவான்னா பாசியா, விலங்கா?

விலங்குதான். குழப்பம் பெயரில் இருக்கிறது: கிரேக்கச் சொற்களுக்குப் 'பாசி விலங்கு' என்று பொருள். கடலிலும் நன்னீரிலும் ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொண்டு, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்து உண்டு வாழ்பவை. இன்று வாழும் சிற்றினங்கள் ஏறத்தாழ 6,000. புதைபடிவமாக மட்டுமே தெரிந்தவை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

ஒரு முறை உயிரோடு பார்த்துவிட்டால் சந்தேகமே வராது. கடற்பாசியின் இலைமேல் வெள்ளைச் சல்லடைபோல் படர்ந்திருக்கும் ஒன்றைக் கடல்நீர்க் கிண்ணத்தில் வைத்து உருப்பெருக்கிக்குக் கீழே பாருங்கள். செங்கல் பாவியதுபோல வரிசை வரிசையாக அறைகள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் இருக்கும். முதலில் எதுவும் அசையாது. கொஞ்சம் பொறுத்தால் ஓர் அறையின் மூடி திறக்கும், கண்ணாடிப் புனல்போல உணர்நீட்சிகள் வெளியே வந்து விரியும், பிறகு பக்கத்து அறை, அதற்கடுத்தது என்று தகடு முழுவதும் பூத்துவிடும். ஊசிமுனையால் லேசாகத் தொட்டால் கண்ணிமைப்பதற்குள் அத்தனையும் உள்ளே போய்விடும். 1827-இல் எடின்பரோவில் மாணவராக இருந்த 18 வயது சார்லஸ் டார்வின், ஃப்ளஸ்ட்ரா என்ற பிரையோசோவாவின் 'முட்டைகள்' குறுஇழைகளால் (மயிர்போன்ற நுண்ணிய உறுப்புகளால்) நீந்துவதைக் கண்டு சொன்னார். அவை உண்மையில் லார்வாக்கள்.

பார்க்கப் பவளம் மாதிரியே இருக்கே, எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது?

உயிருள்ளதென்றால் குடலைப் பார்க்க வேண்டும். பவளத்தின் பாலிப்புக்கு, அதாவது அதன் தனி உயிருக்கு, ஒரே வாசல். உண்பதும் கழிப்பதும் அதன் வழியேதான். பிரையோசோவாவுக்கு வாயும் மலவாயும் தனித்தனி. குடல் 'ப' எழுத்தைப்போல வளைந்து, வாய்க்குப் பக்கத்திலேயே வந்து முடியும். பவளத்தின் உணர்நீட்சிகளில் கொட்டும் செல்கள் உண்டு. இதில் கிடையாது, குறுஇழைகள் நீரை உள்ளிழுத்து உணவை வாய்க்குத் தள்ளும். இந்த உணர்நீட்சி வளையத்துக்கு லோஃபோஃபோர் என்று பெயர். இந்தச் சொல் கீழே பல இடங்களில் வரும்.

புதைபடிவத்தில் குடல் இருக்காது, அறைகள்தான் மிஞ்சும். பவளத்தின் அறைகள் பெரும்பாலும் பெரியவை, உள்ளே ஆரம்போலத் தடுப்புகள் இருக்கும். பிரையோசோவாவின் அறை வாய் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆரத் தடுப்புகள் இல்லை. இது முதல் சோதனை மட்டுமே. பழைய பாறைகளில் சில பவளங்களின் குழாய்கள் மிகவும் மெலிந்திருக்கும். அங்கே கல்லை அறுத்துப் பார்க்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்தத் தகட்டுல இருக்கறது ஒரு உயிரா, ஆயிரம் உயிரா?

நல்ல கேள்வி, விடை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒவ்வோர் அறையிலும் இருப்பதற்கு ஜூயிடு என்று பெயர். லார்வா ஒன்று ஒட்டிக்கொண்டு முதல் ஜூயிடாக மாறுகிறது. அது மொட்டுவிட்டு அடுத்தது, அது மொட்டுவிட்டு அடுத்தது என்று காலனி வளர்கிறது. எனவே எல்லாம் ஒரே மரபணுத் தொகுப்பு. அண்டை ஜூயிடுகள் உடல் இழைகளால் இணைந்து உணவைப் பகிர்ந்துகொள்கின்றன. அப்படிப் பகிர்வதால்தான் எல்லா ஜூயிடும் சாப்பிட வேண்டிய கட்டாயம் இல்லாமல் போகிறது.

சில ஜூயிடுகள் உண்பதை விட்டுவிட்டு வேறு வேலைக்கு மாறிவிட்டன. அவிகுலேரியம் என்பது அப்படி ஒன்று. அறையின் மூடியே நீண்டு தாடையாகிவிட்டது. சிலவற்றில் அது காம்பின்மேல் நிற்கும் பறவைத் தலைபோலவே இருக்கும்; தலையை ஆட்டி, அலகைத் திறந்து, மேலே ஊர்ந்து வரும் சிறு பிராணியைக் கவ்விப் பிடிக்கும். வேறு சில ஜூயிடுகள் வேராகவும் கருக்காப்பு அறையாகவும் ஆகியுள்ளன. வகைப்பாட்டில் இந்த வேலைப் பிரிவினைக்குப் பெரிய இடம் உண்டு, ஏனென்றால் சுண்ணாம்பு அறைகளில் அதன் அடையாளம் அப்படியே பதிந்துவிடுகிறது. தனியாக வாழ்பவை இல்லையா என்றால், மணல் துகள்களுக்கு இடையே வாழும் மோனோபிரையோசூன் என்ற அபூர்வப் பேரினத்தில் உண்ணும் ஜூயிடு ஒன்றே ஒன்றுதான்.

மொத்தம் எத்தனை வகுப்பு? எளிமையா சொல்லுங்க.

மூன்று. பெயர்கள் நீளமானவை, ஆனால் பழகிவிடும்.

ஃபைலாக்டோலெமாட்டா நன்னீரில் மட்டும் வாழ்வது. சுண்ணாம்புக் கூடு கிடையாது, லோஃபோஃபோர் குதிரை லாடம்போல வளைந்திருக்கும், நூறுக்கும் குறைவான சிற்றினங்கள். ஸ்டெனோலெமாட்டா கடலில் மட்டும் வாழ்வது; சுண்ணாம்புக் குழாய்க்குள் குடியிருப்பது. பழைய உயிரூழியின் (ஏறத்தாழ 54 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தோடு முடிந்தது) கடல்களில் மிகுந்திருந்தது இந்த வகுப்புதான். அதன் வரிசைகளில் (வகுப்புக்குள் அடங்கும் பிரிவுகளில்) சைக்ளோஸ்டோமேட்டா ஒன்றே இன்று உயிரோடு இருக்கிறது. மூன்றாவதான ஜிம்னோலெமாட்டாவில் இரண்டு பிரிவுகள்: கூடே இல்லாத டீனோஸ்டோம்கள், பெட்டிபோன்ற அறையும் மூடியும் கொண்ட சீலோஸ்டோம்கள். இன்றைய சிற்றினங்களில் மிகப் பெரும்பாலானவை சீலோஸ்டோம்கள்தான்.

இந்தச் சட்டகம் ஒரே நாளில் வந்ததல்ல. சைக்ளோஸ்டோம், டீனோஸ்டோம், சீலோஸ்டோம் என்ற பிரிவினை ஜார்ஜ் பஸ்க் 1852-இல் தந்தது. நன்னீர் வகுப்பை ஆல்மன் 1856-இல் பிரித்தார். ஸ்டெனோலெமாட்டாவைத் தனி வகுப்பாக்கியவர் போர்க், 1926-இல்.

பாலிசோவா, எக்டோபுராக்டா, பிரையோசோவா: மூணும் ஒண்ணா வேறயா?

பழைய நூல்களில் பெரும்பாலும் ஒன்றுதான். 1830-இல் தாம்சன் பாலிசோவா என்றார், அடுத்த ஆண்டே ஏரன்பெர்க் பிரையோசோவா என்றார். 1869-இல் நிட்ஷே, மலவாய் உணர்நீட்சி வளையத்துக்கு உள்ளே இருப்பவற்றை என்டோபுராக்டா என்றும் வெளியே இருப்பவற்றை எக்டோபுராக்டா என்றும் பிரித்தார். இங்கே நாம் பேசுவது வெளியே இருப்பவற்றை. இன்று வழக்கில் நிலைத்த பெயர் பிரையோசோவா. பாலிசோவா என்ற சொல் வேறொரு பொருளில் திரும்பி வந்திருக்கிறது. சொந்தபந்தம் பற்றிய கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

குளத்துல பார்த்த ஜெல்லி உருண்டையும் இதுதானா? அதுக்குப் புதைபடிவம் கிடைக்குமா?

ஆமாம், அது பெக்டினாட்டெல்லா என்ற நன்னீர்ப் பேரினமாக இருக்க வாய்ப்பு அதிகம். உருண்டையின் பெரும்பகுதி நீர்தான். மேற்பரப்பில் மட்டும் சின்னச் சின்னப் பூக்கள்போல ஜூயிடுகள் கூடியிருக்கும். யாருக்கும் தீங்கில்லை.

உடல் பாறையில் தங்காது. ஆனால் இந்த வகுப்பு ஸ்டேட்டோபிளாஸ்ட் என்ற கடினத் தோலுள்ள மொட்டுகளை உண்டாக்குகிறது. குளிரும் வறட்சியும் வந்து காலனி செத்தாலும் இவை தாங்கி நின்று பின்னால் முளைக்கும். நீர்ப்பறவைகளோடு வேறு நீர்நிலைக்கும் போகும். டைனோசர்கள் வாழ்ந்த இடையுயிரூழியின் ஏரிப் படிவுகளில் இவை கிடைத்திருக்கின்றன. ஓரத்தின் அமைப்பையும் கொக்கிகளையும் வைத்தே இன்றைய சிற்றினங்களையும் பிரிக்கிறோம்.

ட்ரெப்போஸ்டோம், கிரிப்டோஸ்டோம், ஃபெனெஸ்ட்ரேட்னு அழிஞ்சுபோனதுக்கெல்லாம் பேர் வெச்சிருக்காங்களே, உடம்பே இல்லாம எதை வெச்சுப் பிரிச்சாங்க?

கல்லை அறுத்துத்தான். இவையெல்லாம் ஸ்டெனோலெமாட்டாவின் அழிந்த வரிசைகள். வெளித்தோற்றம் இங்கே அதிகம் உதவாது. ஒரு கிளையை மூன்று திசைகளில் வெட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதுதான் வழக்கம். நீளவாக்கில் வெட்டிய ட்ரெப்போஸ்டோம் கிளையில் நடுப்பகுதியில் குழாய்கள் மெல்லிய சுவரோடு மேல்நோக்கி ஓடும். விளிம்பை நெருங்கியதும் சட்டென்று வெளிப்புறம் வளைந்து சுவர் தடிக்கும். குழாய்க்குக் குறுக்கே ஏணிப்படிபோலத் தளங்கள். பெரிய குழாய்களுக்கிடையே சிறு குழாய்கள், சுவருக்குள் முள்போன்ற தண்டுகள். இவற்றின் எண்ணிக்கை, இடைவெளி, வடிவம் ஆகியவைதான் பேரினத்தையும் சிற்றினத்தையும் தீர்மானிக்கின்றன.

சிஸ்டோபொரேட்டாவில் குழாய்களுக்கு நடுவே நுரைபோன்ற குமிழ்த் திசு இருக்கும். கிரிப்டோஸ்டோம்களின் குழாய்கள் குட்டையானவை; பலவற்றில் இரண்டு அடுக்குகள் முதுகோடு முதுகாக ஒட்டி இலைபோல் நிற்கும். ஃபெனெஸ்ட்ரேட்டுகள் வலை. மெல்லிய கிளைகள், அவற்றைக் குறுக்கே கட்டும் பட்டிகள், நடுவே சன்னல்கள். இதே குழுவில் ஆர்க்கிமிடிஸ் என்ற பேரினம் வலையையே ஒரு திருகு அச்சைச் சுற்றி வளர்த்துக்கொண்டது. பாறையில் பெரும்பாலும் அந்தத் திருகாணி மட்டும்தான் கிடைக்கும். கார்போனிஃபெரஸ் கால வட அமெரிக்கச் சுண்ணாம்புக்கற்களில் அது ஏராளம்.

ரெண்டும் ஒரே மாதிரி வலையா இருந்தா ஒரே குடும்பம்தானே?

இல்லை. அதிகம் பேர் இடறுவது இந்த இடத்தில்தான், நானும் தொடக்கத்தில் இப்படித் தவறியிருக்கிறேன். ஃபெனெஸ்ட்ரேட் வலைகள் பெர்மியன் முடிவோடு போய்விட்டன. இன்றைய கடலில் ரெட்டெபொரெல்லா என்ற சீலோஸ்டோம் கிட்டத்தட்ட அதே சரிகை வலையைக் கட்டுகிறது. இரண்டுக்கும் இடையே 25 கோடி ஆண்டு இடைவெளி. வம்சத் தொடர்பும் நேரடியாக இல்லை. நீரை வலையின் ஒரு பக்கம் இழுத்து, வடித்து, சன்னல் வழியே மறுபக்கம் தள்ளுவது நல்ல ஏற்பாடு. அதனால் வெவ்வேறு வம்சங்கள் தனித்தனியே அதே வடிவத்துக்கு வந்திருக்கின்றன.

காலனியின் வடிவம் பிழைப்பைக் காட்டும், ஜூயிடின் அமைப்புதான் வம்சத்தைக் காட்டும். எப்போதும் அறையைப் பாருங்கள்: குழாயா பெட்டியா, வாய் வட்டமா, மூடி உண்டா, கருக்காப்பு அறை எங்கே இருக்கிறது. ஒரே சிற்றினமே பாறையில் தகடாகவும் நீரோட்டத்தில் கிளையாகவும் வளர்வதுண்டு.

மத்த விலங்கெல்லாம் கேம்பிரியன்லயே வந்தாச்சே, இது மட்டும் ஏன் லேட்?

கூடுள்ள விலங்குத் தொகுதிகளில் புதைபடிவப் பதிவுக்குக் கடைசியாக வந்தது பிரையோசோவா. ஐயத்துக்கு இடமில்லாத மிகப் பழைய மாதிரிகள் சீனாவின் ஆர்டோவிசியன் (கேம்பிரியனுக்கு அடுத்த காலம்) தொடக்கப் பாறைகளில் கிடைத்தவை, வயது ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகள். அங்கே தோன்றும்போதே பல வரிசைகள் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. அதற்கு முன்னால் ஒரு வரலாறு இருந்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும்.

அந்த முன்வரலாற்றைத் தேடியதில் இரண்டு பெயர்கள் அடிபட்டன. மெக்சிகோவின் கேம்பிரியன் பாறையிலிருந்து வந்த பைவாக்கியாவை 2010-இல் பிரையோசோவா என்றார்கள். 2013-இல் அது எண்கதிர்ப் பவளத்துக்கு நெருங்கியது என்று மறுவிளக்கம் வந்தது. 2021-இல் ஆஸ்திரேலியாவிலும் தென் சீனாவிலும் கிடைத்த ப்ரோட்டோமெலிஷனை முன்வைத்து, கேம்பிரியன் தொடக்கத்திலேயே பிரையோசோவா இருந்ததாக ஓர் ஆய்வு வந்தது. தேன்கூடுபோன்ற அறை வரிசை, அளவும் பொருந்தியது. 2023-இல் மென்பகுதிகளோடு கூடிய மாதிரிகளை ஆராய்ந்த இன்னொரு குழு, அறை வாசலிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பவை உணர்நீட்சிகள் அல்ல, பச்சைப்பாசியின் உறுப்புகள் என்றது. எனக்கு இந்த இரண்டாவது வாதமே வலுவாகப் படுகிறது.

பிறகு ஏன் தாமதம்? உயிர் பிந்தி வந்தது என்பதைவிட, கூடு பிந்தி வந்தது என்பதே பொருத்தமான விளக்கம். நன்னீர் வகுப்புக்கும் டீனோஸ்டோம்களுக்கும் இன்றும் கூடு இல்லை. முன்னோரும் அப்படி மென்மையாக இருந்திருந்தால் கேம்பிரியனில் தடமில்லாமல் வாழ்ந்திருக்க முடியும்.

கூடே இல்லாத டீனோஸ்டோம் பழங்காலத்துல இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்?

இரண்டு வழிகளில். சில டீனோஸ்டோம்கள் சிப்பி ஓட்டைத் துளைத்து உள்ளே வாழ்ந்தன. உடல் அழிந்தாலும் துளை வரிசை நிற்கும். ஆர்டோவிசியன் காலம் முதலே அத்தகைய துளைகள் உண்டு. மற்றது தற்செயலான வார்ப்பு: காலனியின்மேல் ஒரு சிப்பி வளர்ந்து மூடிவிட்டால், சிப்பியின் அடிப்பக்கத்தில் அந்த மென்னுடலின் அச்சு விழுந்துவிடும். அந்த அடிப்பக்கத்தை ஒருவர் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெர்மியன் அழிவுல எல்லாம் போயிடுச்சுன்னு படிச்சேன். அப்ப இன்னைக்கு இருக்கறதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?

25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்தப் பேரழிவு ஸ்டெனோலெமாட்டாவின் முதுகெலும்பை முறித்தது. ட்ரெப்போஸ்டோம்கள் சில அடுத்த காலமான ட்ரையாசிக் வரை தாக்குப்பிடித்து, அத்தோடு முடிந்தன. ஆர்டோவிசியனிலிருந்தே ஓரமாக இருந்துவந்த சைக்ளோஸ்டோம்கள் பிழைத்தன. ஜுராசிக்கிலும் கிரீட்டேசியஸிலும் காலியான இடங்களில் பெருகியவை அவைதான். கூடில்லாத டீனோஸ்டோம்களும் சத்தமில்லாமல் தொடர்ந்தன.

ஜுராசிக் பிற்பகுதியில், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், முதல் சீலோஸ்டோம் புதைபடிவங்கள் வருகின்றன. டீனோஸ்டோம் போன்ற ஒன்று அறையைச் சுண்ணாம்பால் உறுதிப்படுத்திக்கொண்டதன் விளைவு அவை. ஆகவே இந்தத் தொகுதியில் கூடு கட்டும் வழக்கம் குறைந்தது இரண்டு முறை தனித்தனியே தோன்றியது. பல கோடி ஆண்டுகள் சீலோஸ்டோம்கள் சில எளிய வடிவங்களோடே இருந்தன. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கருக்காப்பு அறையும் அவிகுலேரியமும் புதைபடிவங்களில் தெரியத் தொடங்கியபின் பெருக்கம் வேகமெடுக்கிறது. கருவைக் காப்பவற்றின் லார்வாக்கள் உண்பதில்லை, சில மணி நேரத்தில் அருகிலேயே ஒட்டிக்கொள்ளும். தூரம் போகாத கூட்டங்கள் எளிதில் தனித்துப் பிரியும், புதிய சிற்றினமாகும். இந்த விளக்கம் எனக்குப் பிடித்தமானது. முழுக் காரணமும் இதுதான் என்று சொல்ல மாட்டேன்.

அப்ப சீலோஸ்டோம் வந்துதான் சைக்ளோஸ்டோமை ஒழிச்சுதா?

ஒழிக்கவில்லை, இரண்டும் இன்றும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. ஆனால் மோதலுக்குச் சான்று இருக்கிறது, அதுவும் கல்லிலேயே. ஒரு சிப்பி ஓட்டின்மேல் இரண்டு காலனிகள் வளர்ந்து சந்திக்கும்போது ஒன்று மற்றொன்றின் விளிம்பில் ஏறி அறை வாசல்களை மூடிவிடும். யார் மேலே, யார் கீழே என்பது அப்படியே புதைபடிவமாகிவிடுகிறது. ஃபிராங்க் மெக்கின்னி என்ற ஆய்வாளர் இத்தகைய மோதல்களைப் 10 கோடி ஆண்டுகளுக்கு எண்ணிப் பார்த்தார். மூன்றில் இரண்டு முறை சீலோஸ்டோம் வென்றிருந்தது. கால ஓட்டத்தில் அந்த விகிதம் பெரிதாக மாறவும் இல்லை.

ஆனாலும் கதை நேர்க்கோடல்ல. கிரீட்டேசியஸ் முடிவின் அழிவுக்குப் பிந்தைய டானியன் கடல்களில், எடை அளவில் பார்த்தால் சைக்ளோஸ்டோம்கள் மறுபடி ஓங்கின. டென்மார்க்கின் ஸ்டெவன்ஸ் கிளின்ட் செங்குத்துப் பாறையில் அழிவுக் கோட்டுக்கு மேலே நிற்கும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மேடுகளைக் கட்டியதில் பெரும்பங்கு பிரையோசோவாவுடையது.

வெறும் கூட்டைப் பார்த்து இது தனிச் சிற்றினம்னு சொல்றதை எப்படி நம்பறது?

இந்தச் சந்தேகம் நியாயமானது. இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் ஜெரமி ஜாக்சனும் ஆலன் சீதமும். முடிவு 1990-இல் வெளிவந்தது. கூட்டின் அளவுகளை மட்டும் வைத்துப் பிரித்த சீலோஸ்டோம் சிற்றினங்களை எடுத்து, தாய்க் காலனிகளின் சந்ததியை ஒரே சூழலில் வளர்த்தார்கள். கூட்டுப் பண்புகள் சந்ததிக்குச் சென்றன. என்சைம் வேறுபாடுகளும் அதே எல்லைக்கோடுகளைக் காட்டின. அதனால்தான் கரீபியப் பகுதிப் பேரினமான மெட்ராரப்டோடஸில் சீதம் கண்டது இவ்வளவு பேசப்படுகிறது: சிற்றினங்கள் பல பத்து லட்சம் ஆண்டுகள் அநேகமாக மாறாமலிருந்து, பிறகு பாறைக் கணக்கில் திடீரென்று புதியவை தோன்றுகின்றன.

எதிர்த் திசையிலும் பாடம் உண்டு. கப்பல் அடிப்பாகங்களில் படரும் பழுப்புநிறப் புதர் புகுலா நெரிட்டினா ஒரே சிற்றினமாகவே கருதப்பட்டது. மரபணுவைப் பார்த்தபோது உள்ளே ஒன்றுக்கும் மேற்பட்ட வம்சங்கள் இருந்தன. மருந்தாய்வில் முக்கியமான பிரையோஸ்டாட்டின் என்ற பொருள் இந்த விலங்கோடு வாழும் பாக்டீரியாவிடமிருந்து வருவது. அதன் வகைகளும் இந்த வம்சங்களுக்கிடையே வேறுபடுகின்றன. கூடு ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

டி.என்.ஏ. வந்ததும் பழைய வகைப்பாடு எல்லாம் தப்பாயிடுச்சா?

பெரிய சட்டகம் தாங்கி நின்றது. நன்னீர் வகுப்பு முதலில் பிரிந்தது, மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கம் என்பதை மரபணுக்களும் ஒப்புக்கொள்கின்றன. உடைந்தவை உட்பிரிவுகள். சீலோஸ்டோம்கள் டீனோஸ்டோம்களுக்குள்ளிருந்தே கிளைத்தவை என்பதால் 'டீனோஸ்டோம்' என்பது முழுமையான வம்சப் பெயர் அல்ல. அஸ்கோஃபோரா என்ற பழைய பிரிவும் நிற்கவில்லை. அறையின் முகப்பைக் கெட்டிச் சுவராக்கிவிட்டு, உணர்நீட்சிகளை வெளித்தள்ள உள்ளே நீர் புகும் பையை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு பல வம்சங்களில் தனித்தனியே வந்திருக்கிறது. கருக்காப்பும் அப்படியே.

இன்னொரு சிக்கல், 2022-இல் வந்த விரிவான மரபணு ஆய்வு சீலோஸ்டோம்களின் தொடக்கத்தைப் பழைய உயிரூழிக்கே தள்ளுகிறது. முன்பு சொன்ன 15 கோடி ஆண்டுப் புதைபடிவத்தோடு இது பெரிதும் முரண்படுகிறது. கூடு வருமுன்னரே வம்சம் பிரிந்திருந்தால் இரண்டும் சரியாக இருக்கலாம். ட்ரெப்போஸ்டோம் போன்ற அழிந்த வரிசைகளுக்கோ மரபணு கிடைக்கப்போவதே இல்லை. அங்கே மென்சீவலும் (ஒளி ஊடுருவத் தேய்த்த கல் துண்டும்) நுண்ணோக்கியும்தான் என்றைக்கும் சாட்சி.

பிரையோசோவாவுக்கு நெருங்கின சொந்தம் யார்?

பிரேக்கியோபோடு (இரட்டை ஓடுள்ள கடல்விலங்கு), ஃபோரோனிடு (குழாய்க்குள் வாழும் புழுப்போன்ற கடல்விலங்கு) ஆகியவற்றுக்கும் லோஃபோஃபோர் உண்டு என்பதால் மூன்றையும் ஒன்றாக வைப்பது பழைய வழக்கம். 1995-இல் ரைபோசோம் மரபணு ஒப்பீடு இவை மெல்லுடலிகளும் வளைதசைப் புழுக்களும் உள்ள பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை என்று காட்டியது. அதில் இப்போது சச்சரவு இல்லை. அந்தக் கூட்டத்துக்குள் யார் பக்கத்து வீடு என்பதில்தான் ஆய்வுகள் பிரிகின்றன. சில பழைய மூவர் அணியையே ஆதரிக்கின்றன; வேறு சில என்டோபுராக்டாவோடு சேர்க்கின்றன, அந்தக் கூட்டணிக்குத்தான் பாலிசோவா என்ற பழைய பெயரை மீண்டும் எடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு எந்தப் பாடநூலாவது இதை முடிந்த விஷயமாக எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைச் சற்று ஐயத்தோடு படியுங்கள்.

என் கையில ஒரு மாதிரி இருக்கு, எங்கிருந்து ஆரம்பிக்கறது?

முதலில் பாறையின் வயது. பெர்மியனுக்கு முந்தியதென்றால் ஸ்டெனோலெமாட்டா வரிசைகளிலிருந்து தொடங்குங்கள், கிரீட்டேசியஸுக்குப் பிந்தியதென்றால் சைக்ளோஸ்டோமா சீலோஸ்டோமா என்பதே முதல் கேள்வி. பத்து மடங்கு உருப்பெருக்கியில் அறை வாய் தெரியும். பிந்தைய கால மாதிரிகளுக்குப் பெரும்பாலும் மேற்பரப்பே போதும், எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் இருந்தால் நல்லது. பழையவற்றுக்கு வெட்டித் தேய்க்காமல் பேரினம்கூடச் சொல்ல முடியாது, ஆகவே இரண்டு மூன்று துண்டுகள் இருந்தால் ஒன்றை வெட்டக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

எடுத்த இடத்தையும் படுகையையும் அன்றே எழுதி மாதிரியோடு வையுங்கள். அமிலத்தில் மட்டும் கழுவாதீர்கள். கல்லும் கூடும் ஒரே சுண்ணாம்பு. கல் கரையும்போது கூடும் கூடவே கரைந்துவிடும்.